உங்கள் வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் வாரா வாரம் வரும் வாகனப் பக்கத்தை ஒன்று விடாமல் படிக்கிறவன் நான். புதிதாக பைக் வாங்கப் போவதில்லை, இருந்தாலும் படிப்பேன், அது ஒரு பழக்கம். போன வாரம் ஒரு புது பைக்கை ஓட்டிப் பார்த்து முக்கால் பக்கம் எழுதியிருந்தார் உங்கள் நிருபர். இன்ஜின் எப்படி, பிக்கப் எப்படி, மைலேஜ் எவ்வளவு, திருப்பத்தில் எப்படிச் சாய்கிறது, மீட்டரில் என்னென்ன விளக்கு எரிகிறது என்று எல்லாம் இருந்தது. ஆனால் அந்த வண்டியில் இன்னொரு சீட்டும் இருக்கிறதே, அதற்கு ஒரே ஒரு வரி. பின் இருக்கை சற்றுச் சிறியதாம். சற்றுச் சிறியது என்றால் என்ன அர்த்தம், அதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு என்ன ஆகும், முட்டி என்ன ஆகும், யாராவது உட்கார்ந்து பார்த்தார்களா? பார்க்கவில்லை என்பது படித்தாலே தெரிகிறது.

நிருபரைக் குத்திக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு வரை நானும் அவர் கட்சிதான்.

22 வருடமாக பைக் ஓட்டுகிறேன், ஒருமுறைகூட விழுந்ததில்லை என்று பெருமை வேறு. அப்படிப்பட்டவன் மின்விசிறியைத் துடைக்க ஸ்டூலில் ஏறி, அங்கிருந்து விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. கிளட்ச் பிடிக்க முடியாது என்பதால் என் வண்டியை மகன் ஓட்ட, வேலைக்குப் போக வர நான் பின்னால் உட்கார்ந்தேன். மகன் நன்றாக ஓட்டுவான், நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அப்படியே என்னைப் போல ஓட்டுவான். பிரச்னையே அதுதான்.

முதல் நாள் 20 நிமிடப் பயணம். கிளம்பி முதல் கியரில் இருந்து இரண்டாவதுக்கு மாற்றினான், என் ஹெல்மெட் அவன் ஹெல்மெட்டில் டொக்கென்று இடித்தது. மூன்றாவதுக்கு மாற்றினான், இன்னொரு டொக். சிக்னலில் நிறுத்தியபோது நான் வழுக்கிக்கொண்டு போய் அவன் முதுகில் ஒட்டிக்கொண்டேன், பச்சை விழுந்ததும் பின்னால் சரிந்து கம்பியைப் பிடித்தேன். வேகத்தடை வந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு, காலை ஊன்றி உடம்பை இரண்டு அங்குலம் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினான். நான் எப்போதும் செய்வது அதேதான், சொல்லாமலே கற்றுக்கொண்டிருக்கிறான். பின்னால் இருந்த எனக்கு வேகத்தடை இருப்பதே தெரியாது, எனக்கு முன்னால் இருந்தது அவன் ஹெல்மெட்டின் பின்பக்கம் மட்டும்தான். முதுகுத்தண்டில் அடியில் இருந்து உச்சி வரை ஒரு அதிர்ச்சி. போய்ச் சேருவதற்குள் ஹெல்மெட் இடித்தது 11 தடவை, எண்ணினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதை ஒரு கண்டுபிடிப்பு மாதிரி மனைவியிடம் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “இப்போதான் தெரியுதாக்கும்” என்றாள்.

கல்யாணமான நாளில் இருந்து அவள் பின்னால் உட்கார்ந்து வருகிறாள். “மெதுவா போங்க” என்று அவள் சொல்லும்போதெல்லாம் பயப்படுகிறாள் என்று நினைத்து, பயத்தைப் போக்குவதாக இன்னும் கொஞ்சம் வேகமாகப் போயிருக்கிறேன். அது பயம் இல்லை, முதுகுவலி.

அந்த ஆறு வாரமும் எனக்கு வேறு வேலை இல்லை, பின்னால் உட்கார்ந்து யோசிப்பதுதான் வேலை. முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஒரே வண்டி எப்படி இரண்டு வண்டியாகிறது என்று யோசித்தேன். விஷயம் ரொம்ப எளிமையானது. ஓட்டுபவர் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உட்காருகிறார். பின்னால் இருப்பவர் கிட்டத்தட்ட பின் சக்கரத்துக்கு நேர் மேலே உட்காருகிறார். ஷாக் அப்சார்பரை மறந்துவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தால், ஒரு மேட்டில் பின் சக்கரம் 4 செ.மீ. எழும்பினால் நடுவில் இருப்பவர் 2 செ.மீ. எழும்புவார், பின்னால் இருப்பவரோ அந்த 4 செ.மீ. முழுவதும் எழும்பி இறங்குவார். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு இது கணக்குப் போடாமலே தெரியும். அதோடு ஓட்டுபவருக்கு எதிரே பாதை தெரிகிறது, பிடிக்க ஹேண்டில்பார் இருக்கிறது, முட்டியால் இறுக்கிக்கொள்ள டேங்க் இருக்கிறது, எப்போது பிரேக் பிடிக்கப் போகிறார் என்பது அவருக்கே தெரியும், உடம்பு அதற்கு ஒரு நொடி முன்னாலேயே தயாராகிவிடுகிறது. பின்னால் இருப்பவருக்கு இந்த நான்கில் ஒன்றும் கிடையாது. எல்லாமே அவருக்கு நடந்து முடிந்த பிறகுதான் தெரியும்.

சொகுசு என்றால் எல்லோரும் சீட்டைத்தான் நினைக்கிறார்கள், குஷன் மெத்தென்று இருந்தால் போதும் என்று. பாதிக்கு மேல் அது ஓட்டுபவரின் வலது மணிக்கட்டிலும் இடது கைவிரல்களிலும் இருக்கிறது என்பேன். ஐந்து கியர் வண்டியில் ஐந்தாவதுக்குப் போக நான்கு முறை கியர் மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆக்சிலேட்டரைப் படக்கென்று மூடினால் பின்னால் இருப்பவரின் தலை முன்னே போகும், கிளட்ச்சைப் படக்கென்று விட்டால் பின்னே போகும். ஆக எட்டுத் தலையாட்டல், அதுவும் ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் நடுவில். இதற்கு மருந்து, ஆக்சிலேட்டரை முழுக்க மூடாமல் கொஞ்சம் தளர்த்தி, கியர் விழுந்ததும் கிளட்ச்சை விட விட அதே அளவுக்கு ஆக்சிலேட்டரைத் திருப்பிக்கொண்டே வருவதுதான். இன்ஜின் கத்துகிற வரை இழுக்காமல் சீக்கிரமே மேல் கியருக்குப் போய்விட்டால் ஆட்டம் இன்னும் குறையும். கியரைக் குறைக்கும்போதும் அப்படித்தான், கிளட்ச்சை விடுவதற்கு முன்னால் ஆக்சிலேட்டரை ஒரு துளி கொடுத்தால் பின் சக்கரம் இழுத்துப் பிடிக்காது. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் 22 வருடப் பழக்கத்தை மாற்றுவது அவ்வளவு எளிதில்லை என்று இப்போது எனக்கே தெரிகிறது.

பிரேக் விஷயம் இதைவிட முக்கியம். வண்டி 120 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 65 கிலோவில் ஒருவர் பின்னால் ஏறினால் மொத்த எடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது, அந்த 65 கிலோவில் பெரும்பகுதி பின் சக்கரத்தில்தான் விழுகிறது. அதே வேகத்தில் அதே இடத்தில் நிற்க பிரேக்கை இன்னும் அழுத்த வேண்டும், அழுத்தும்போது பின்னால் இருப்பவரின் எடையும் சேர்ந்து ஓட்டுபவரின் முதுகில் வந்து சாயும், கை ஹேண்டில்பாரில் முட்டுக்கொடுத்து விறைத்துவிடும், விறைத்த கையால் திருப்பவும் முடியாது. ஆகவே சீக்கிரமே ஆரம்பித்து மெதுவாக அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், முன்னால் போகும் வண்டிக்கு எப்போதும் விடும் இடைவெளியைவிட அதிகம் விட வேண்டும். ஆள் இருக்கும்போது பின் சக்கரத்தில் பாரம் கூடுவதால் பின் பிரேக் வழக்கத்தைவிட நன்றாகவே பிடிக்கும், அதை முதலில் லேசாகத் தொட்டுவிட்டு முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி மூக்கைக் குத்தாமல் அடங்கும். அதற்காகப் பின் பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டக் கூடாது, நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு அப்போதும் முன் பிரேக்குக்குத்தான்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், இதை நான் கற்றுக்கொண்டது ஒரு கார் டிரைவரைப் பார்த்து. வண்டி நிற்கப் போகிற கடைசி ஒரு மீட்டரில் பிரேக்கை ஒரு இழை தளர்த்திவிடுவார். அப்படி விடாவிட்டால் நின்ற நொடியில் ஒரு குலுக்கல் வரும் பாருங்கள், முன்னே போன உடம்பு சட்டென்று பின்னே வரும். பைக்கில் அந்தக் குலுக்கலில்தான் கடைசி டொக் கேட்கிறது.

சரி, ஓட்டுவதை விட்டுவிட்டு வண்டிக்கு வருவோம். பின் ஷாக் அப்சார்பரின் அடியில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், சில வண்டிகளில் ஐந்து படி, சிலவற்றில் ஏழு. அதைத் திருப்ப கொக்கி மாதிரி ஒரு ஸ்பேனர் வண்டியோடு வரும் டூல் கிட்டிலேயே இருக்கும். என் ஸ்பேனர் வாங்கிய நாளில் சுற்றிய பிளாஸ்டிக் உறையோடு சீட்டுக்கு அடியில் கிடந்தது, அது எதற்கு என்று நான் கேட்டதும் இல்லை, சர்வீஸ் சென்டரில் சொன்னதும் இல்லை. இத்தனை வருட சர்வீஸில் ‘ஆள் வைத்து ஓட்டுவீர்களா, தனியாக ஓட்டுவீர்களா’ என்று ஒருவரும் ஒருமுறையும் கேட்கவில்லை. ஆள் ஏறினால் அந்த வளையத்தை ஒன்றிரண்டு படி ஏற்றி வைக்க வேண்டும். பலர் நினைப்பது மாதிரி இது ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குவதில்லை, பாரத்தில் தாழ்ந்துபோன பின்பக்கத்தைப் பழைய உயரத்துக்குத் தூக்குகிறது, அவ்வளவுதான். தூக்காமல் விட்டால் ஷாக் அப்சார்பர் பாதி தூரம் ஏற்கெனவே அமுங்கிக் கிடக்கும், ஒரு பெரிய பள்ளத்தில் மிச்சமும் அமுங்கி அடித்தட்டில் இடிக்கும், அந்த இடி நேரே பின்னால் இருப்பவரின் இடுப்புக்குப் போகும். பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் நிமிரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹேண்டில்பார் லேசாகிப் படகு மாதிரி மெதுவாகத் திரும்பும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், நம் பாதையில் விழ வேண்டிய வெளிச்சம் மரத்தின் மேல் விழும். ராத்திரியில் எதிரே வருகிறவர் டிம் பண்ணச் சொல்லி விளக்கைச் சிமிட்டிக்கொண்டே போனால், நீங்கள் டிம்மில்தான் போகிறீர்கள் என்றால், காரணம் உங்கள் பின் சீட்டில் இருக்கலாம்.

செயினையும் பாருங்கள். பாரம் ஏறிப் பின்பக்கம் இறங்கும்போது பெரும்பாலான வண்டிகளில் செயின் இழுபடும். ஆள் இல்லாதபோது கச்சிதமாக இறுக்கி வைத்த செயின் ஆள் ஏறியதும் விண்ணென்று நிற்கும், தேய்மானம் கூடும். கையேட்டில் போட்டிருக்கிற தளர்வை அப்படியே விட்டு வையுங்கள், சத்தம் வருகிறது என்று அதற்கு மேல் இறுக்கச் சொல்லாதீர்கள்.

டயர் காற்று எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் யாரும் செய்வதில்லை. செயின் கவரிலோ கையேட்டிலோ இரண்டு அளவு போட்டிருப்பார்கள், தனியாகப் போக ஒன்று, ஆளோடு போக ஒன்று. சின்ன வண்டிகள் பலவற்றில் பின் டயருக்கு 28 பிஎஸ்ஐ என்பது ஆள் ஏறினால் 32, 33 ஆகிறது. வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் வண்டிக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சரி. டயர் சூடாவதற்கு முன்னால் பார்க்க வேண்டும், பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பார்த்தால் அளவு கூடக் காட்டும். காற்றுக் குறைந்தால் மெத்தென்று இருக்கும், பின்னால் இருப்பவருக்கு வசதி என்று ஒரு நண்பர் எனக்குச் சொன்னார், நானும் சில வருடம் நம்பினேன். அது மெத்து இல்லை, வண்டி இடுப்பை நெளிப்பது, கூடவே டயரும் சூடாகும்.

வண்டி மொத்தமாக எவ்வளவு தாங்கும் என்றும் கையேட்டில் ஒரு எண் இருக்கிறது, சின்ன வண்டிகளுக்கு 130 கிலோ, 150 கிலோ என்கிற மாதிரி. இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்தாலே அது முடிந்துவிடும். அதற்கு மேல் ஒரு பெரிய பையையும் மாட்டிக்கொண்டு, வண்டி ஏன் மேடு ஏற மாட்டேன் என்கிறது என்று மெக்கானிக்கைத் திட்டுவதில் அர்த்தம் இல்லை. பையைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுபவர் முதுகில் பை மாட்டினால் பின்னால் இருப்பவருக்கு உட்கார இருக்கிற கொஞ்ச இடமும் போகும். பின்னால் இருப்பவர் கனமான பையை மாட்டினால் ஒவ்வொரு முறை வண்டி பாயும்போதும் பை அவரைப் பின்னுக்கு இழுக்கும். வாரைத் தளர்த்திப் பையின் அடி சீட்டில் உட்காரும்படி விட்டால் தோள் தப்பிக்கும். டேங்க் மேல் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது, ஹேண்டில்பார் திரும்புவதைத் தடுக்காத அளவுக்கு.

இனி பின்னால் உட்காருபவர்களுக்குக் கொஞ்சம். எல்லாப் பழியையும் முன்னால் இருப்பவர் மேல் போடுவது நியாயம் இல்லை, நானும் ஆறு வாரம் மோசமான பயணியாகத்தான் இருந்தேன் என்று மகன் சொல்கிறான். பின்னால் இருப்பவர் மூட்டை இல்லை, அவர் அசைந்தால் வண்டியும் அசையும். ஏறுவதற்கு முன்னால் “ஏறட்டுமா” என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். ஓட்டுபவர் இரண்டு காலையும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்து, தலையாட்டிய பிறகுதான் ஃபுட்ரெஸ்ட்டில் கால் வைக்க வேண்டும். இடது ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி நிற்கும் அந்த ஒரு நொடி உங்கள் எடை முழுவதும் வண்டிக்கு வெளியே இருக்கிறது, சொல்லாமல் ஏறினால் நின்ற இடத்திலேயே வண்டி சாயும், எனக்கு நடந்திருக்கிறது. ஏறும்போது தோளைப் பிடிக்கலாம். ஓடும்போது தோளைப் பிடிக்காதீர்கள், தோளில் கொடுக்கிற ஒவ்வொரு அழுத்தமும் கை வழியாக ஹேண்டில்பாருக்குப் போகிறது. ஒரு கை ஓட்டுபவரின் இடுப்பில், ஒரு கை பின்னால் இருக்கும் கம்பியில் என்று வைத்தால் முன்னே போனாலும் பின்னே போனாலும் தாங்கும். நான் மாவுக்கட்டோடு ஒற்றைக் கையால் அதைச் சமாளித்த விதத்தை இங்கே எழுத வேண்டாம், எழுதினால் மருத்துவர் படித்துவிடுவார்.

திருப்பத்தில் என்ன செய்வது என்பதுதான் பின்னால் இருப்பவர்கள் அதிகம் குழம்புகிற இடம். வண்டி சாயும்போது பயந்து எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால் ஓட்டுபவர் நினைத்த கோட்டில் வண்டி போகாது. உதவி செய்கிறேன் என்று கூடுதலாகச் சாய்ந்தாலும் தவறுதான். வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத் தோளுக்கு மேலாகப் பாதையைப் பாருங்கள், உடம்பு தானாகவே சரியான அளவு சாய்ந்துகொள்ளும். மகன் இதைச் சொன்ன நாளில் இருந்து எனக்கு ஒரு லாபமும் கிடைத்தது, முன்னால் என்ன வருகிறது என்று கொஞ்சம் தெரிய ஆரம்பித்தது, வேகத்தடைகளும் கண்ணில் பட்டன. மெதுவாக ஊர்ந்து போகும்போதும் யு டர்ன் எடுக்கும்போதும் மட்டும் சிலை மாதிரி இருக்க வேண்டும், வேகம் குறைந்தால் வண்டி சாயாமல் நிற்கும் தன்மையும் குறைகிறது, நீங்கள் பையைத் திறந்து போனைத் தேடுவதற்கு அது நேரம் இல்லை.

சிக்னலில் நிற்கும்போது காலைக் கீழே இறக்காதீர்கள், இரண்டு காலும் எப்போதும் ஃபுட்ரெஸ்ட்டிலேயே. இறக்கிய கால் ஏறும்போது சைலன்சரில் படும். கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் ஒரு பழைய தழும்பு இருக்கிறவர்கள் இதைப் படிக்கும்போது அதைத் தடவிப் பார்த்திருப்பார்கள். ஒரு பக்கமாகவே இரண்டு காலையும் போட்டு உட்கார வேண்டியிருந்தால் பாரம் ஒரு பக்கம் விழுகிறது, பிடிப்பும் பாதிதான் என்பதை ஓட்டுபவர் நினைவில் வைத்து அதற்கு ஏற்ற வேகத்தில் போக வேண்டும். தொங்குகிற துணியைச் சக்கரத்துக்கும் செயினுக்கும் எட்டாமல் செருகிக்கொண்ட பிறகே கிளம்ப வேண்டும். குழந்தைகள் என்றால் கால் ஃபுட்ரெஸ்ட்டில் எட்டுகிற உயரம் வரும் வரை காத்திருப்பதே நல்லது.

ஹெல்மெட் பற்றி ஒரு வார்த்தை. பல வீடுகளில் நல்ல ஹெல்மெட் ஓட்டுபவருக்கு, பழசும் தளர்ந்ததும் பின்னால் இருப்பவருக்கு. தளர்ந்த ஹெல்மெட்டில் காற்று புகுந்து தலையை இப்படியும் அப்படியும் இழுக்கும், அரை மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். என் மனைவியின் கழுத்துவலிக்கு நாங்கள் மாற்றிப் பார்க்காத தலையணை இல்லை, ஹெல்மெட்டை மட்டும் மாற்றவில்லை. இப்போது மாற்றியாகிவிட்டது.

பேச்சுக்கு வருவோம். ஹெல்மெட் போட்டுக்கொண்டு காற்றில் கத்திப் பேசினால் பாதி கேட்காது, கேட்டது தப்பாகக் கேட்கும், ஓட்டுபவர் “என்ன?” என்று தலையைத் திருப்புவார், அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. நானும் மகனும் தொடையில் தட்டுவது என்று வைத்துக்கொண்டோம். ஒரு தட்டு என்றால் கிளம்பலாம், இரண்டு என்றால் மெதுவாக, விடாமல் தட்டினால் ஓரம் கட்டு. அவன் பக்கத்தில் இருந்து எனக்கு ஒரே ஒரு சமிக்ஞை, பள்ளமோ வேகத்தடையோ வந்தால் இடது முழங்கையால் என் கையை லேசாக இடிப்பான். அந்த ஒரு இடியில் நான் காலை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்வேன். இதற்கு ஷாக் அப்சார்பர் மாற்ற வேண்டியதில்லை, செலவும் இல்லை, ஆனால் என் முதுகுவலி பாதியாகக் குறைந்தது இதனால்தான். தூரப் பயணம் என்றால் முக்கால் மணி, ஒரு மணிக்கு ஒருமுறை நிறுத்தி இருவரும் இறங்கி நடக்க வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதைப் பின்னால் இருப்பவர் முடிவு செய்யட்டும். பின் ஃபுட்ரெஸ்ட் பெரும்பாலும் உயரத்தில் இருப்பதால் முதலில் முட்டி மரத்துப்போவது அவருக்குத்தான்.

இதெல்லாம் நாமே செய்துகொள்ளக் கூடியவை. நம் கையில் இல்லாத ஒன்று இருக்கிறது, வண்டியை வடிவமைக்கிறவர்கள் விஷயம். 1885ல் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் மரச்சட்டத்தில் செய்த அந்த முதல் பெட்ரோல் இருசக்கர வண்டியில் ஒருவருக்குத்தான் சீட், அதில் குற்றம் சொல்ல முடியாது, அது ஓடினாலே போதும் என்ற காலம். பின்னால் உட்காருபவரைக் குறிக்க ஆங்கிலத்தில் சொல்லும் பில்லியன் (pillion) என்ற வார்த்தையும் மோட்டார் காலத்துக்கு முந்தியது, குதிரையில் சேணத்துக்குப் பின்னால் இன்னொருவர் உட்காரப் போடும் சின்ன மெத்தைக்குப் பெயர் அது, கேலிக் மொழியில் இருந்து வந்தது. பெயரில் மெத்தை இருக்கிறது, இன்றைய வண்டிகள் சிலவற்றில்தான் காணோம். பார்க்க வேகமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்பக்கத்தைக் கொம்பு மாதிரி தூக்கி, அதன் நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சீட்டை ஒட்டி வைக்கிறார்கள். அது முன்பக்கம் சரிந்தும் இருக்கும், ஒவ்வொரு பிரேக்குக்கும் பின்னால் இருப்பவர் சறுக்கி முன்னால் வந்து சேருவார். பிடிக்கக் கம்பி இருக்காது. ஃபுட்ரெஸ்ட்டை மேலே ஏற்றி வைத்திருப்பார்கள், முட்டி நெஞ்சைத் தொடும்.

வாங்கும்போதும் நாம் கவனிப்பதில்லை. நான் என் வண்டியை வாங்கப் போனபோது மனைவியும் கூட வந்தாள். ஓட்டிப் பார்க்க ஒருவருக்குத்தான் அனுமதி என்றார் கடைக்காரர். நான் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து நன்றாக இருக்கிறது என்றேன், அவள் கலரை மட்டும் தேர்ந்தெடுத்தாள். வண்டி ஓடும் தூரத்தில் பாதிக்கு அவளும் பயணி. இன்று வாங்குவதாக இருந்தால் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியிலாவது பின்னால் ஏறி உட்காரச் சொல்வேன். கால் ஃபுட்ரெஸ்ட்டில் நன்றாகப் பதிகிறதா, கம்பி கைக்கு எட்டுகிறதா, பத்து நிமிடம் அப்படியே இருந்தால் எங்கே வலிக்கிறது என்று கேட்பேன். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் சீட் தைப்பவரிடம் கொடுத்து, முன்சரிவைச் சமப்படுத்தி, வழுக்காத உறையாகப் போட்டு வாங்கலாம். நான் அப்படித்தான் செய்தேன், பஞ்சைக் கூட்டியதைவிடச் சரிவை எடுத்ததுதான் பெரிய வித்தியாசம்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்க நிருபரை அனுப்பும்போது இரண்டு பேரை அனுப்புங்கள். போகும்போது ஒருவர் ஓட்டட்டும், வரும்போது மற்றவர் ஓட்டட்டும், பின்னால் உட்கார்ந்தபோது என்ன ஆனது என்று இருவரும் எழுதட்டும். சீட்டின் அகலம் எத்தனை செ.மீ., ஃபுட்ரெஸ்ட்டில் இருந்து சீட் எவ்வளவு உயரம், கம்பி எங்கே இருக்கிறது, எத்தனை நிமிடத்தில் இறங்க வேண்டும் என்று தோன்றியது, இவ்வளவும் போட்டால் போதும். மீட்டரில் எரிகிற விளக்கைப் பற்றிய பத்தியை எடுத்துவிட்டால் அதற்கு இடம் கிடைத்துவிடும்.

எனக்குக் கட்டுப் பிரித்து இரண்டு வாரம் ஆகிறது. மறுபடியும் நான் ஓட்டுகிறேன், மனைவி பின்னால். ஹெல்மெட் இடிப்பதை எண்ணிச் சொல்லும்படி அவளிடம் கேட்டுக்கொண்டேன், சந்தோஷமாக ஒப்புக்கொண்டாள், சற்று அதிக சந்தோஷமாகவே. முதல் நாள் 7. போன ஞாயிறு 2. அதில் இரண்டாவது என் தப்பில்லை, குறுக்கே ஒரு நாய் வந்துவிட்டது என்று சொன்னேன். அவள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்